மஞ்சள் ரெயின்கோட்

வெள்ளிக்கிழமை, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பைக்கும் கீறல் படாமல் வந்துவிட்டது. நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையில் போய் நிற்கிறது. போதாக்குறைக்கு இப்போது உன் வீட்டில் ஒரு குட்டி வேறு தூங்குகிறாள். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். முடிக்கும்வரை உன்னால் குறுக்கே பேச முடியாது என்பது எனக்குக் கூடுதல் வசதி.

குட்டி எப்படி இருக்கிறாள்? அவள் அம்மாவைத் தூங்க விடுகிறாளா? தொட்டில் பக்கத்தில் நிற்க வேண்டிய அத்தைக்காரி பைக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நம் அம்மா உன்னிடம் புலம்பியிருப்பாள். புலம்பட்டும். நான் சொன்னதை மறக்கவில்லை. போன வருஷம் விழுந்து எழுந்ததிலிருந்து பந்தயத்துக்குப் பந்தயம் மெதுவாகிக்கொண்டே வருகிறேன். வயசாகிவிட்டது, வேறென்ன. நம் ட்ராக்கை விட்டு வேறு ஒன்றில் ஓட்டிப் பார்க்கிறேன், அங்கேயும் இதே கதைதான் என்றால் பைக்கை விற்றுவிடுகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்ததும் தெரிந்துவிடும்.

இந்த ட்ராக் நம்முடையதற்கு நேர் எதிர். எல்லாம் இடது பக்கமே திரும்புகிறது. கழுத்து இப்போதே என்னோடு பேச மாட்டேன் என்கிறது. நீளமான நேர்ப்பாதை ஒன்று, அதன் முடிவில் ஒரு சின்ன மேடு, மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வளைவு. இன்றைய பிராக்டிஸில் அங்கேதான் மானம் போயிற்று. ஒவ்வொரு சுற்றும் பயந்து பயந்து முன்னாலேயே பிரேக் பிடித்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது.

ஏன் என்று யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நம் ட்ராக்கில் நான் பிரேக் பிடிப்பது உன்னைப் பார்த்துத்தான். வளைவுக்கு முன்னால் வேலியோரம் உன் மஞ்சள் ரெயின்கோட் தெரிந்ததும் கை தானாக அழுத்தும். கொளுத்துகிற வெயிலிலும் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு நிற்கிற ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான், அதுவும் எனக்காக. இங்கே வேலி இருக்கிறது, நீ இல்லை. இத்தனை வருஷம் ஓட்டியும் எங்கே பிரேக் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

அறையில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் உண்டு. நாற்காலியில் ஹெல்மெட் உட்கார்ந்திருக்கிறது. குட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா


சனிக்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டி நலம். பகலெல்லாம் தூங்குகிறாள், மற்ற நேரமெல்லாம் பஞ்சாயத்து. அம்மா புலம்பினாள், நான் தலையாட்டினேன்.

வண்டி விஷயம். இடது வளைவு அதிகம் என்றால் டயரின் இடது ஓரம்தான் அடி வாங்கும். ஒவ்வொரு தடவை உள்ளே வந்ததும் கையால் தடவிப் பார். செயினை நான் வைத்த இறுக்கத்தில் விட்டுவிடு, யாரையும் தொட விடாதே.

தெரியாத ட்ராக்கில் முன்னாலேயே பிரேக் பிடிப்பது தப்பே இல்லை. அப்படித்தான் பிடிக்க வேண்டும். கடைசியில் வந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்? யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டியிருக்கிறது? பைக்கை விலைக்குக் கேட்டவர் நேற்றும் என் மெக்கானிக் கடைக்கு வந்தார். நல்ல மனுஷர், வண்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். முழுசாக வந்து சேர், அது போதும்.

உன்,
தம்பி


சனிக்கிழமை, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

டயரைத் தடவினேன். நீ சொன்னபடி இடது ஓரம் சொரசொரத்துப் போயிருக்கிறது. செயினை யாரும் தொடவில்லை.

இங்கே அந்த மேட்டு வளைவில் கொடி காட்டுகிற மார்ஷல் ஒரு பெண்மணி. என் வயசுதான் இருக்கும். காலையில் என்னைக் கூப்பிட்டு, எதைப் பார்த்து பிரேக் பிடிக்கிறாய், வெறுங்காற்றையா என்று கேட்டார். எங்கள் ஊரில் தம்பியைப் பார்த்துதான் பிரேக் பிடிப்பேன் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, தம்பி நகர மாட்டானா? நகராத எதையாவது பாத்து வச்சுக்க."

பிறகு என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ட்ராக்கின் ஓரத்தில் புதுத் தார் ஊற்றி ஒட்டுப்போட்ட ஓர் இடத்தைக் காட்டினார். கறுப்பாக, ஒரு பாய் விரித்த அளவு. முதல் சுற்றில் ஒட்டுக்கு வெகு முன்னால் பிடித்தேன். அடுத்ததில் கொஞ்சம் கிட்டே. மத்தியானத்துக்குள் ஒட்டின் மேலேயே பிடித்தேன். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் திரும்பியது. நாளைக்குப் பந்தயம் கிளம்புகிற வரிசையில் ஏழாவதாக நிற்கிறேன். பத்தொன்பது பேரில்.

இது எனக்குப் புரியவில்லை. இவ்வளவு தாமதமாகப் பிடித்தும் வளைவில் இடம் மிச்சமிருக்கிறது. நம் ட்ராக்கிலும் சில மாதங்களாகவே வளைவுக்கு முன்னால் எனக்கு நிறைய இடம் மிச்சமிருந்தது. பயத்தில் நான்தான் வேகத்தைக் குறைக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ எப்போதும் ஒரே இடத்தில்தானே நின்றாய்?

அன்புடன்,
அக்கா


ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழாவது என்றதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அப்பளம் மாதிரி முகத்தை உப்பி வைத்துக்கொண்டு, சாப்பிட்டாளா என்று கேள் என்றாள். சாப்பிட்டாயா?

வெயில் ஏறினால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறை. கிளட்ச் ஒயர் தளர்ந்திருந்தால் அரைத் திருகு திருகிக்கொள். கையுறை ஈரமாக இருந்தால் மாட்டாதே, இன்னொரு ஜோடி பையின் அடியில் வைத்திருக்கிறேன். குட்டிக்கு இன்று தும்மல் வந்தது, வீடே கூடி நின்று பார்த்தோம். மூக்கு உன்னுடையது என்கிறார்கள். பாவம்.

பார்த்து ஓட்டு.

உன்,
தம்பி


ஞாயிற்றுக்கிழமை, மாலை

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டேன். கையுறை காய்ந்துதான் இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதாமல் ஊரில் உள்ளதையெல்லாம் எழுதியிருந்தாய்.

பந்தயத்துக்கு முன்னால் வண்டிகளை நிறுத்துகிற பிட்டில் உட்கார்ந்து போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். நீ ரெயின்கோட்டோடு வேலியில் சாய்ந்து பல்லைக் காட்டுகிற படங்கள் நிறைய இருக்கின்றன. நான் விழுவதற்கு முந்திய படங்களில் உன் முதுகுக்குப் பின்னால் வளைவில் அடுக்கிய பழைய டயர்கள். விழுந்த பிறகு எடுத்ததில் டயர்கள் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கின்றன. அதற்கடுத்ததில் இன்னும் தள்ளி. போன மாதப் படத்தில் உன் பின்னால் இருப்பது ஆம்புலன்ஸ் கொட்டகை. கொட்டகை நடந்து வரவில்லை, தம்பி.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக ஓட்டியிருக்க மாட்டேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். முதல் சுற்றிலேயே அந்தத் தார் ஒட்டைத் தாண்டிப் பிடித்தேன். இரண்டு பேர் முன்னாலேயே பிடித்துவிட்டார்கள், அவர்களைத் தாண்டினேன். நடுவில் பின் சக்கரம் ஒரு தடவை வழுக்கியது, சமாளித்தேன். நாலாவதாக முடித்தேன். கோப்பை மூன்று பேருக்குத்தான். மார்ஷல் பெண்மணி கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார்.

விழுந்த அன்று நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் மயக்கத்தில் கிடந்தேன், முழிப்போடு கிடந்தது நீதான். இனி ஓட்டாதே அக்கா என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்போம், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்போம், அவ்வளவுதான். நீ சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளைவை விட்டுத் தள்ளி நின்றாய், நானும் உன்னைப் பார்த்து முன்னால் முன்னால் பிரேக் பிடித்தேன். நான் கண்ணாடி முன்னால் நின்று, போதும், உனக்கு வயசாகிவிட்டது என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் வலிக்கிறது.

பைக்கைக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிடு. பைக்கில் கை வைக்க உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. நட்டு முறுக்குவதில் நீ பொய் சொன்னதே இல்லை. ஆனால் இனி வேலியோரம் நிற்காதே. நின்றாலும் உன்னைப் பார்த்துப் பிடிக்க மாட்டேன்.

நாளைக்கு மாலை வந்துவிடுவேன். நேரே குட்டியைப் பார்க்கத்தான் வருகிறேன்.

அக்கா


திங்கட்கிழமை, காலை

அக்காவுக்கு,

அவரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். அக்கா ஓட்டுகிறாள் என்றேன்.

நீ எழுதியதற்கு மறுப்பு ஒன்றும் இல்லை. திரும்ப வேலியோரம் வந்தாலும் நான் தள்ளித்தான் நிற்பேன். அதனால் நிற்காமல் இருப்பதுதான் சரி.

நேற்று ராத்திரி குட்டிக்கு அடியில் விரிக்க ஒரு ரப்பர் ஷீட் வேண்டும் என்றாள் அவள் அம்மா. ரெயின்கோட்டின் முதுகுப் பக்கத்தை வெட்டிக் கொடுத்துவிட்டேன். சரியான அளவு. அதன் மேல்தான் இப்போது படுத்துக் கால் உதைக்கிறாள்.

வரும்போது முன் டயரைக் கழற்றாமல் அப்படியே கொண்டு வா. எவ்வளவு அழுத்திப் பிடித்தாய் என்று பார்க்க வேண்டும்.

தம்பி