ஏழாவது வரி மட்டும் காலி

என் கண்ணுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், அப்பாவின் முழங்காலும் பிடிவாதமும் தவிர. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுவாய் என்று நம்புகிறேன், பொய்யாக இருந்தாலும் அப்படியே எழுது.

முக்கியமான செய்தி, அப்பா ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்துவிட்டார். முப்பது வருஷ ஜெபம். வரும் மாதம் கடைசி ஞாயிறு. ஆனால் அது நடப்பதும் நடக்காததும் இப்போது உன் கையில் இருக்கிறது, எப்படி என்று சொல்கிறேன். பாஸ்டர் ஒரு தாள் கொடுத்தார், சபையின் விசுவாச அறிக்கை, மொத்தம் எட்டு வரி, வாசித்துவிட்டுக் கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மற்றவர்கள் ரெண்டு நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தார்கள். உன் அப்பாவோ லிப்ட் மெக்கானிக் ஆயிற்றே, ஒவ்வொண்ணா செக் பண்ணாம அடியில கையெழுத்து போட்டா நாளைக்கு கயிறு அறுந்தா யாரு பொறுப்பு என்று பாஸ்டரிடமே கேட்டுவிட்டு, தாளை வீட்டுக்கு எடுத்து வந்து ஸ்கேல் வைத்து ரெண்டு கட்டம் போட்டார், சோதித்த தேதி, குறிப்பு என்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கடவுள் ஒருவரே, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற வரிக்கு நேரே, மூன்றும் ஒன்றாகவே இயங்குகிறது, எப்படி என்று திறந்து பார்க்க வசதி இல்லை, ஏற்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார். இயேசு உயிர்த்தெழுந்ததற்கு, நேரில் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் கடைசிவரை பேச்சை மாற்றவில்லை, சரி. பரமேறினதற்கு, கயிறு இல்லாமல், என்று மட்டும். மறுபடியும் வருவார் என்பதற்கு, தேதி கொடுக்கப்படவில்லை, எந்நேரமும் தயாராக இருக்கவும். பாஸ்டர் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், இவ்வளவு கவனமா யாரும் இதைப் படிச்சதில்லம்மா என்றார்.

சிக்கல் ஏழாவது வரி. பாவமன்னிப்பை விசுவாசிக்கிறேன். அங்கே தேதிக் கட்டம் காலி, குறிப்பில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார், மேலே சரியாக இருக்கிறது, வீட்டில் சோதிக்கவில்லை, சம்பந்தப்பட்டவர் வெளியூரில். உனக்குப் புரிந்திருக்கும். நீ வேலைக்குக் கிளம்பிய அன்று காலை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, தலையைத் தூக்காமலே, போனா போ, எனக்கு மகளே இல்லன்னு நெனச்சுக்கறேன் என்று சொன்னாரே, அதுதான். அந்த விசிறி இன்றுவரை ஒழுங்காகச் சுற்றவில்லை. ரெண்டு வருஷமாக நீ பேசும்போதெல்லாம் போனை என்னிடம் நீட்டிவிட்டு, பக்கத்திலேயே நின்று ஸ்க்ரூட்ரைவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும். ஆண்டவர் மன்னிச்சாச்சு, அதுவே போதும் என்று பாஸ்டர் சொல்லியும் கேட்கவில்லை, பாதி வேலைக்குக் கையெழுத்து போட்டு எனக்குப் பழக்கமில்ல என்கிறார். போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றேன், எழுத்துலதான் வேணுமாம், பைலில் வைக்க வேண்டுமாம்.

அதனால் தாளையே இதோடு அனுப்பியிருக்கிறேன். உனக்கு மனம் வந்தால் ஏழாவது வரிக்கு நேரே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு அனுப்பு, தேதி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். மனம் வரவில்லை என்றால் அதையும் எழுது, உன்னை நான் குறை சொல்லமாட்டேன், நானும் அன்று வாயைத் திறக்காமல்தானே நின்றேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அந்த ஊர்க் குளிருக்குக் காது மூடுகிற மாதிரி தொப்பி வாங்கிக்கொள், அழகுக்கு வாங்காதே.

என்றும் உனக்காக ஜெபிக்கும்
அம்மா

பி.கு. உறையில் முகவரி எழுதியது அப்பா. பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'என் மகள்' என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டார். தபால்காரர் திண்டாடுவாரே என்று உன் பெயரை ஓரத்தில் நான்தான் சேர்த்தேன்.