நீ மூச்சு விட்ட இடங்கள்

திருப்பத்தூரில் பேருந்து ஏறியபோது பின்னிருக்கைக்கு அடியில் யாரோ பலாப்பழ மூட்டை வைத்திருந்தார்கள். வண்டி நகரும் முன்பே வாசனை முன்வரிசை வரை வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒரு அம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. இறங்கும்வரை அது விடவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிடாமலே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் சர்ச்சுக்கு இப்படித்தான் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாய். பூசை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். நான் பாடகர் குழு அறையில் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் முகம் சரியில்லை. கேட்டதும் சொன்னாய்.

"கண்டக்டர் இன்னா சொன்னான் தெரியுமா? மலை ஆளா, நாத்தம் அடிக்குது, பின்னாடி போன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லல. பின்னாடி போய்ட்டேன். இப்பதான் சொல்லப் போறேன். நீ வாசி."

நான் ஒரு தாளத்தைத் தட்டிவிட்டேன். பாட்டுக் குழுவின் பழைய மைக்கை எடுத்துக்கொண்டு நீ ஆரம்பித்தாய். "பின்னாடி போன்னான், போனேன், பின்னாடி கண்ணாடியில முழு மலையும் பாத்தேன்." அதற்குப் பிறகு நீ நிற்கவே இல்லை. சாமைக் கொல்லை, புளியம்பழம் உலுக்கும் உன் அப்பா, ஹாஸ்டலில் உன் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் என்று எல்லாம் உங்கள் மலைப் பேச்சிலேயே சரசரவென்று இறங்கின. சத்தம் கேட்டு ஃபாதர் எட்டிப் பார்த்தார். "இது பாட்டா, சண்டையா?" என்றார். "ரெண்டுந்தான் ஃபாதர்" என்றாய். பலாப்பழத்தை அங்கேயே அறுத்தோம். அவரும் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் போனில் பதிவு செய்திருந்த அந்தப் பாட்டு போன் போனாகத் தாவி வேலூர் கல்லூரிகள் வரை போனது. பிறகு சென்னை உன்னைக் கூப்பிட்டது. சினிமாவில் பாடினாய். அந்தச் சினிமாப் பாட்டைப் பதிவு செய்த வாரம் எனக்குப் போன் செய்து, "மியூசிக் டைரக்டராண்ட நடுவுல நடுவுல எடம் உட சொல்லிட்டேன் பா. இந்த ஊர்ல காத்து கம்மி" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் சிரிப்பு இருமலில் முடிந்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஒத்திகை மேடையில் விழுந்துவிட்டாய். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வைத் தின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வந்தோம். அந்த நாள் வரும்வரை நீ இருக்கவில்லை. மலைக்குக் கொண்டு போய், உங்கள் கொல்லை ஓரத்தில் புதைத்தோம்.

போன மாதம் உன் முதல் வருஷ நினைவு. மலைமேல், ஜமுனாமரத்தூரில் பந்தல் போட்டிருந்தார்கள். பனியனில் உன் முகம் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மாலை போட்டு முடித்ததும் மைக்கைக் கைமாற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது வாக்குவாதம் ஆகிவிட்டது.

வேலூர்க்காரர் ஒருவர், தாடி வைத்தவர், முதலில் எழுந்தார். "பழைய பாட்டுல எல்லாம் ஒரே மூச்சுல போவாப்ல. சினிமாவுக்குப் போனதும் சோம்பேறித்தனம் வந்துடுச்சி. வரிக்கு வரி நிறுத்தறாப்ல. நம்ம ஆளைச் சினிமா கெடுத்துடுச்சி, அதான் உண்மை."

சென்னைப் பையன் ஒருவன் விடவில்லை. "அது சோம்பேறித்தனம் இல்ல ப்ரோ, ஸ்டைல். அந்த கேப்புலதான் கவிதையே இருக்கு. இப்ப வர்றவன் எல்லாம் அதைத்தான் காப்பி அடிக்கறான்."

இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். அப்போது உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, நர்சிங் படிப்பவள், மைக்கை வாங்கினாள். "அண்ணன் பாட்டு வர்றதுக்கு முன்னாடி ஹாஸ்டல்ல நான் பேசுனா சிரிப்பாங்க. இப்ப மலைப் பேச்சு பேசிக் காட்டுன்னு போனைத் தூக்கினு வர்றாங்க. பேசுனா அப்பவும் சிரிக்கறாங்க. இது மாற்றமா இல்லையான்னு எனக்குத் தெரியல" என்றாள். பந்தல் ஓரத்தில் நின்றிருந்த ஜீப் டிரைவர் ஒருவர் அங்கிருந்தே சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. முன்ன எல்லாம் கீழ எறங்குனா நான் வாயே தொறக்க மாட்டேன். இப்ப தொறக்கறேன்." அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஆனால் தன் கேள்வியை விட்டுக்கொடுக்கவில்லை. உனக்கு அவளைப் பிடித்திருக்கும்.

உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இன்னாத்துக்குக் கண்ணு சண்ட போடறாங்க?" என்று என்னிடம் கேட்டார். பழைய பாட்டு உசத்தியா, சினிமாப் பாட்டு உசத்தியா என்று பேசுகிறார்கள் என்றேன். அதற்குள் யாரோ மைக்கை அவரிடமே கொண்டுவந்து நீட்டினார்கள். "அம்மா, உங்களுக்கு எது புடிக்கும்? நீங்களே சொல்லுங்க."

அவர் மைக்கைத் தொடவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"சினிமாப் பாட்டுதாம்பா" என்றார். சென்னைப் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அவர் அது அடங்கும்வரை காத்திருந்தார். "மத்த பாட்டுல அவன் பேச்சுதான் கீது. இதுல நடுவுல நடுவுல மூச்சு வாங்கறான். வூட்ல என் பக்கத்துல படுத்துனு இருந்தா எப்டி கேக்குமோ அப்டியே கேக்குது. அந்த எடம் வந்தா மறுபடி மறுபடி போட சொல்லிக் கேப்பேன். பாட்டு இன்னான்னு எனக்கு முழுசாத் தெரியாது."

யாரும் கை தட்டவில்லை. தாடிக்காரர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. வால்வைப் பற்றி எனக்குத் தெரியும், அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். இரண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசித்ததே இல்லை. காற்று கம்மியாக இருந்தது சென்னையில் இல்லை.

டீ கொடுத்தார்கள். டீ குடித்து முடிந்ததும் மெல்ல மறுபடியும் பேச்சு ஆரம்பித்தது. அந்த வாரமே ஒருவர் உன் மூச்சைப் பற்றி நீளமாக ஒரு வீடியோ போட்டுவிட்டார். நன்றாகத்தான் பேசியிருந்தார். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்னும் பல வருஷம் பேசட்டும். பேசுகிற வரைக்கும் உன் பாட்டை யாராவது போட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். உன் அம்மா மட்டும் அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எதுனா தப்பா சொல்லிட்டனா?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் நான்தான் கீபோர்டு வாசிக்கிறேன். சுருதி சேருகிறதா என்று முன்பெல்லாம் கேட்பேன். இப்போது யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்றுதான் காது போகிறது. போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நற்கருணைப் பாட்டின் நடுவில் நின்றுவிட்டாள். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள். பூசை முடிந்ததும் அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். "வரி மறந்து போச்சு டீச்சர், அவ்ளோதான்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்கவில்லை.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றார். அங்கேயே, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். அந்தப் பெண்ணின் அம்மா பயந்துபோய் என் முதுகைத் தடவிவிட்டு, "எம்பொண்ணுக்குதான் ஒன்னுமில்லையே, நீங்க ஏன் அழறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.