கல்லறை வேலியில் செங்காந்தள்

நவம்பர் 1
நாளை கல்லறைத் திருநாள். காசிமேட்டில் மாமியார் கல்லறையில் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தோம். கம்பி வேலியில் ஏதோ ஒரு கொடி, நெருப்பு மாதிரி பூ. போனில் படம் எடுத்தேன். நோயல் கிழங்கோடு பெயர்த்துவிட்டார். "அம்மா குடுத்த பூமே, தொட்டில வெச்சிக்கலாம்." கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனுஷன் எனக்கு ஒரு முழம் பூ வாங்கினதில்லை!

நவம்பர் 4
மழை. அவருக்கு ஹார்பரில் வேலை இல்லை. சர்க்கரைவள்ளி அவித்து வைத்துவிட்டுத் தையலுக்குப் போனேன். திரும்பி வந்தால், "ஒண்ணு கசந்திச்சிமே, வெல்லம் தொட்டுத் துன்னுட்டேன்" என்கிறார். வீணாக்க மனசு வராதாம்.

நவம்பர் 5
விடிந்ததிலிருந்து வாந்தி, பேதி. அந்தப் பூக்கிழங்கு எங்கே என்று கேட்டேன்.
"நனையுமேன்னு சர்க்கரைவள்ளி கூடையில போட்டேன்."
கூடை காலி. மாதாவே! நான்தானே அவிச்சேன்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இலை நுனி சுருண்டு கம்பியைப் பிடிச்சிருக்கு பாருங்க. இதழெல்லாம் மேல மடங்கி, அடியில மஞ்சள், நுனியில சிவப்பு. செங்காந்தள். சிட்டிக்குள்ள காணக் கிடைக்கிறதே அபூர்வம். கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருந்துதா?"

வளைந்துதான் இருந்தது. சட்டியில் அடங்காமல் வெட்டிப் போட்டேன்.

அந்தக் கிழங்கு விஷமாம். முறிக்க மருந்தும் கிடையாதாம்.

நவம்பர் 6
வாந்தி நின்றுவிட்டது. டீ கேட்கிறார். டாக்டரம்மா முகம் மட்டும் தெளியவில்லை. இனிமேல்தான் ஆபத்து என்கிறார். இது இன்னா விஷம் — வுட்ட மாதிரி காட்டிட்டுப் பிடிக்குமா?

நவம்பர் 8
ஐ.சி.யூ. என்னை உள்ளே விடவில்லை. செத்துடாத நோயலு. செத்துடாத.

நவம்பர் 11
அவர் அண்ணன் இக்னேஷியஸ் வந்தார். "அம்மா கூப்ட்டுக்கினாங்களோ இன்னாவோ" என்றார். இன்னொரு தபா அப்படிப் பேசினா மரியாதை கெட்டுடும் என்று கத்தினேன். அப்புறம் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். எனக்குள்ளும் அதே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 13
வார்டுக்கு மாற்றினார்கள். நம்பப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 17
காலையில் தலையணை முழுக்க முடி. தடவினால் கொத்தாகக் கையோடு வருகிறது. போச்சு, எல்லாம் போச்சு என்று டாக்டரம்மாவிடம் ஓடினேன். வந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "இந்தக் கிழங்குல பிழைச்சவங்களுக்குத்தாம்மா இப்படிக் கொட்டும். திரும்ப முளைச்சிடும்."

நோயல் கண்ணாடி கேட்டார். "கிறிஸ்மஸ் போட்டோக்கு இன்னாமே பண்றது?"

தலையணையில் கிடந்ததை மடியில் அள்ளிக்கொண்டேன். கொட்டட்டும். ஒண்ணு பாக்கி இல்லாமல் கொட்டட்டும்.