நிரோஜாவின் படம் இருந்த இடம்

கார்த்திகை, வெள்ளி இரவு. ஜெர்மனி, பான் நகரம்.

என் மூத்த பேரன் ஆஹென் நகரில் எஞ்சினியர். அடுத்தவள் தாதிப் படிப்பு முடித்துவிட்டாள். கடைக்குட்டி நிரோஜா, பாலஸ்தீனப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் சங்கத்தில் சம்பளமில்லாத நிர்வாகசபை உறுப்பினர்.

அதைக் காட்டத்தான் கோயிலில் பக்கத்தில் இருந்த மலருக்குச் சங்கத்தின் இணையப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தேன். நிர்வாகசபையின் மற்ற நால்வரும் படங்களில் சிரிக்கிறார்கள். அவள் இடத்தில் வெறும் சாம்பல் வட்டம்.

“பேத்தியைச் சங்கத்தால நிப்பாட்டிப் போட்டினமோ, அக்கா?” என்றாள் மலர். கேட்ட விதம் சரியில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிரோஜாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“படத்தை நான்தான் அதிலயிருந்து எடுத்துவிடச் சொன்னனான், அம்மம்மா. புது வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறன். வேலை தாறவை இன்ரநெற்றில தேடிப் பாப்பினம், பாலஸ்தீனம் எண்டால் யோசிப்பினம்.”

“ஆரும் வெருட்டினவையோ?”

“சீ, இல்லை.” சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், அந்தப் பக்கத்தை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அவள் பெயர் அப்படியே இருக்கிறது. பிறகு முகத்தை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? ஊரில் சண்டைக்குள் நாங்கள் ஒளித்துத் திரிந்தது போதாதா?

பச்சைச் சேலை கட்டிப் புதுப் படம் ஒன்று எடுத்து அந்த வட்டத்தில் போடு, பிள்ளை.