எடை நாளுக்கு ஏன் வருவதில்லை

1955 ஜூலை 4, திங்கள்

மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு வேலை சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை தோறும் குழந்தைகளை எடை போடுகிறார்கள். எங்கள் ஊர்த் தாய்மார் இப்போதெல்லாம் வருவதில்லை. ஏன் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். "அறியாமைதான், வேறென்ன?" என்றார் டாக்டரம்மா. மாதக் கடைசிக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் தராசு குலசேகரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

என் மகள் பேபிக்கு எட்டு மாதம். நானும் அவளைக் கொண்டுபோனதில்லை. பேபியின் அப்பா கேட்டால் வேலை இருக்கிறது என்கிறேன்.

ஜூலை 6

"எடை போடுவது நல்லதுதானே?" "நல்லதுதான்." "நாளைக்கு வருவீர்களா?" "வருவோம்." ஞாயிற்றுப் பள்ளியில் வினாவுக்கு விடை சொல்வது போல எல்லா வீட்டிலும் ஒரே ராகம். ஒருத்தி எழுந்து கைகட்டிக்கொண்டு சொன்னாள். பக்கம் பக்கமாக எழுதி வந்தேன்.

ஜூலை 7

ஒருத்திகூட வரவில்லை.

ஜூலை 8

ஓமனா என்னோடு காலேஜில் படித்தவள். ஆஸ்பத்திரி நர்ஸ், எடை போடுவது அவள்தான். எழுதியதை வாசித்துச் சிரித்தாள். "ஏட்டி, பதிலைக் கேள்விக்குள்ள வச்சுக் குடுத்திருக்க. அவளுவ அதைத் திருப்பித் தந்திருக்காளுவ. இதுக்கு வீட்டிலயே இருந்து எழுதியிருக்கலாமே!"

கோபம்தான் வந்தது. ஆனால் சரியாகத்தானே சொல்கிறாள்?

ஜூலை 12

பேபியையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன், பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஜெபகனி அக்கா வீட்டு வாசலில் மரச்சீனிக் கிழங்கு தொலித்துக்கொண்டிருந்தாள். "கடைசியா எடை போடப் போன அன்னைக்கு என்ன நடந்துது?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த கிழங்கை எடுத்தாள். தூரமா, வேலையா என்று நானே எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டமா!

அப்புறம் சொன்னாள்: "அந்த நர்சு உரக்க விளிச்சுப் பறஞ்சா – ஜெபகனிக்க பிள்ளை பதினொண்ணு றாத்தல்! இவ்வளவு கொறவாண்ணு வரிசையில நின்னவளுவ எல்லாம் திரும்பிப் பாத்தாளுவ. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல்ல. பின்ன எதுக்குப் போவணும்?"

பேபியைப் பார்த்தாள். "உனக்க பிள்ளை எத்தன றாத்தல்?"

"தெரியாதுக்கா. பயமா இருக்கு."

என் வாயிலிருந்தா வந்தது? அவரிடம்கூடச் சொன்னதில்லையே.

ஜூலை 19

இன்னும் சில வீடுகள். ஒருத்தி கண்ணேறு என்கிறாள், ஒருத்தி 'உனக்குப் பாலில்லை' என்று மாமியார் குத்திக் காட்டியதைச் சொல்கிறாள். வார்த்தைகள் வேறு, எல்லாம் எடையை ஊருக்கே கேட்கச் சொன்ன அந்த உரத்த குரலில்தான் போய் நிற்கிறது. அவரவர் சொன்னபடியே எழுதினேன், என் வார்த்தை போடாமல். பெயர் போடவில்லை. தாய்மார் வரிசையில் ஒருத்தியாக என்னையும் எழுதினேன்.

இனி இது ஓமனாவுக்குத் தெரியாமல் இருக்குமா? டாக்டரம்மாவுக்கு முன்னால் அவளிடம் காட்டுவதுதான் முறை.

ஜூலை 21

ஓமனா வாசித்தாள். சிரிக்கவில்லை.

"யாருட்டி பறஞ்சா? ஜெபகனியா?"

"அது சொல்ல மாட்டேன்."

"எனக்கிட்டயுமா?"

"உனக்கிட்டயும்தான்."

"நல்லா இருக்கப்பட்ட பிள்ளையளுக்க அம்மமாருக்குச் சந்தோஷமா இருக்குமேண்ணுதான் சத்தமாச் சொன்னேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. தாள்களை அவளே டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள். என்ன சொன்னாளோ.

ஜூலை 28, வியாழன்

தராசு உள் அறைக்குப் போய்விட்டது. ஒரு நேரத்தில் ஒரு தாய், கதவு சாத்தி. ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ஜெபகனி அக்காவுக்கு அடுத்து நான்.

பதிமூன்று றாத்தல். குறைவுதான். ஓமனா காதோடு சொன்னாள்: "பயப்படாத மக்கா. அடுத்த வியாழனும் கொண்டு வா."

கொண்டுபோவேன். பயம் போகவில்லை, ஆனாலும் கொண்டுபோவேன். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எடையைச் சொல்லிவிட்டேன்.