உப்புக் கிணறும் பெருநாள் கொப்பியும்

சின்னமுனை,
முந்தல்.
14.10.2016

அன்புள்ள சாள்ஸ் அண்ணாவுக்கு,

மாதாவின் காவலில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. நானும் சுகம், கோபம் ஒன்றைத் தவிர. போனில் மூன்று தரம் பாதிக் கதையில் வெட்டிவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது. அதனால்தான் இத்தாலிக்குத் திரும்புகிற றொபின்சனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கிணற்று அறிக்கையை நான் கிழித்துப்போட வேண்டும். உங்கள் இறால் பண்ணையின் அனுமதியைப் புதுப்பிக்க இந்த மாதம் 28ஆம் திகதி வெள்ளிக்கிழமை நடக்கிற கூட்டத்துக்கு அது போகக் கூடாது. என் பதில், மாட்டேன். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

நான் பிள்ளைகளை உங்களுக்கு எதிராக ஏவிவிட்டேன் என்று, பண்ணைக்குப் பொறுப்பாக நீங்கள் வைத்த பஸ்தியான் சொன்னாராம். ஏவிவிட அவர்கள் என்ன நாய்க்குட்டிகளா? நடந்தது இதுதான். மாசி மாதம் ‘எமது ஊரின் நீர்வளம்’ என்று ஓர் ஒப்படை கொடுத்தேன். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கொண்டுவந்து வைத்தார்கள். இருபத்தெட்டும் ஒன்றே. சந்தியில் உள்ள கொமினிகேசன் கடையில் ஒருவன் இன்டர்நெட்டில் எடுத்ததை எல்லாரும் போட்டோக்கொப்பி அடித்திருக்கிறார்கள். நாலாம் பக்கத்தில், எமது ஊர் காவிரி ஆற்றினால் செழிக்கிறது என்று இருந்தது. முதலில் சிரித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. இத்தனை வருசம் நான் படிப்பித்தது இதுதானே என்று.

அன்றைக்கே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினோம். ஒரு மாதம் முழுக்க ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகினோம். யார் சொன்னது, அவர் கண்டாரா கேட்டாரா, அதைச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம், முதல் ஆளைத் தெரியாத இன்னொருவரும் அதையே சொல்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கப் பழகினோம். நமக்கு விருப்பமில்லாத விடை வந்தாலும் அதை எழுத வேண்டும் என்பதில்தான் பிள்ளைகள் ஆகக் கூடச் சண்டை பிடித்தார்கள்.

கேள்வியை அவர்களே தெரிந்தெடுத்தார்கள். எங்கள் ஊர்க் கிணறுகள் எப்போது உப்பாயின? நான் தெரிந்தெடுக்கவில்லை, அண்ணா. பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்குக் கான் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது அந்தப் பிள்ளைகள்தான்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே கதை. சண்டைக் காலத்தில் நேவி விடாததால் பெருநாளன்று அந்தோனியார் சுரூபத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோகாமல் விட்டோம், அந்தக் கோபத்தில்தான் தண்ணீர் கரித்தது என்பார்கள். நீங்களும் நானும் அதை நம்பித்தான் வளர்ந்தோம். எந்த வருசம் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அது அப்பவே, என்பார்கள்.

அப்போதுதான் சுலக்சனா என்ற பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்வரிசை வாங்கில் இருக்கிறவள், வாய் திறக்கமாட்டாள். வருசத்தைக் கேக்க வேண்டாம், ஆருடைய பெருநாளுக்குச் சமைக்க முதன்முதல் வேற வீட்டுக் கிணத்தில தண்ணி அள்ளினீங்கள் எண்டு கேப்பம் என்றாள். ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு குடும்பம் அந்தோனியார் பெருநாளைப் பொறுப்பெடுக்கிறது. எந்தப் பொம்பிளைக்கு அது மறக்கும்? குடும்பப் பெயர் கிடைத்தால் வருசம் கோயில் பெருநாள் கொப்பியில் இருக்கிறது. கிணறு உள்ள பதினேழு வீட்டுக்கும் போனார்கள். எல்லாரும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள்.

சுரூபம் கடற்கரைக்குப் போகாமல் நின்றது 1997இல். திரும்பப் போகத் தொடங்கியது 2010இல். கிணறுகள் கரிக்கத் தொடங்கியது 2012இல் இருந்து. அந்தோனியார் பதினைந்து வருசம் பொறுத்திருந்து, அதுவும் சுரூபத்தைத் திரும்பக் கொண்டுபோன பிறகுதான் கோபித்தாரா? உங்கள் இறால் தொட்டிகளில் உப்பாற்று நீரை நிரப்பியது 2011 கடைசியில். முதலில் கெட்டவை, தொட்டி நீர் வெளியேறுகிற உங்கள் வாய்க்காலுக்குக் கிட்ட உள்ள கிணறுகள். பிறகு அதற்கு அடுத்தவை.

முதற் கிணறு எது தெரியுமா? எங்களுடையது. அம்மாதான் பிள்ளைகளுக்குச் சொன்னார். எங்கட சாள்ஸ் எடுத்த பெருநாளுக்கு வீரகத்தியர் வீட்டிலதான் தண்ணி அள்ளினனாங்கள் என்று, பெருமையாகச் சொன்னார். கொப்பியில் அது 2012. சுலக்சனா பேனையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் விடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்த ஒரு மாதப் பாடம் முழுவதும் பொய்யாகியிருக்கும். எழுது என்றேன். பிள்ளைகள் போன பிறகு அழுதேன், அது வேறு கதை.

பிள்ளைகள் அநியாயம் செய்யவில்லை. களப்போரத்தில், கடல் நீர் ஏறுகிற இடத்தில், இரண்டு கிணறுகள் பண்ணைக்கு முந்தியே உப்பு. அதையும் எழுதியிருக்கிறார்கள். 2014இல் மழை பொய்த்ததையும் எழுதியிருக்கிறார்கள். கரைத்தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரபியா டீச்சருக்குப் போத்தல்களில் இலக்கம் மட்டும் போட்டு அனுப்பினோம், எது யார் வீட்டுத் தண்ணீர் என்று அவவுக்குத் தெரியாது. அவ அளந்து தந்ததும் இதையேதான் சொல்கிறது.

அதிபர் என்னைக் கூப்பிட்டு, பண்ணைக்காரர் பாடசாலைக்கு வேண்டிய ஆள், அறிக்கையைத் திருப்பி எடுங்கோ, இல்லாட்டி உங்களுக்கு இடமாற்றம் வரும் என்றார். அவருடைய தலைக்கு மேல் சுவரில், தீர விசாரிப்பதே மெய் என்று அவரே எழுதி மாட்டிய பலகை. அதைக் கழற்றிவிட்டுக் கதைப்போம் சேர் என்றேன். மாற்றம் வந்தால் வண்ணாத்திவில்லுவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கேயும் கேள்வி கேட்கப் பழக்குவேன்.

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைக்கத்தான் பதினாறு வயதில் நீங்கள் கடலில் இறங்கினீர்கள். எனக்கு மறக்கவில்லை, செத்தாலும் மறக்காது. ஆனால் போனில் நீங்கள் கேட்டீர்களே, உன்னைப் படிப்பிச்சது இதுக்கோ என்று. ஓம் அண்ணா, இதுக்குத்தான். வேறு எதற்கென்று நினைத்தீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா?

நாங்கள் படித்த வரிசையில் கடைசியாக ஒன்று இருக்கிறது. ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடமும் கேட்க வேண்டும். பிள்ளைகள் எழுதிய மூன்று கேள்விகள் இத்துடன் இருக்கின்றன. உப்பு நீர் கசியாமல் தொட்டியின் அடியில் களிமண் போட்டீர்களா, வாய்க்கால் எங்கே போகிறது என்று தெரியுமா, தெரிந்தது எப்போது. ஒரு பக்கம் உங்களுக்காக வெறுமையாக விட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்வது எதுவானாலும் ஒரு சொல்லும் மாற்றாமல் அதில் எழுதுவார்கள். நாங்கள் பிழை என்று நீங்கள் காட்டினால், பிழை விட்டோம் என்று நானே கூட்டத்தில் எழும்பிச் சொல்வேன். பதில் வராவிட்டால், கேட்டோம், பதில் இல்லை என்று எழுதி, கீழே என் பெயரை வைப்பேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மா அறிக்கையை வாசித்துக் காட்டச் சொன்னார். தான் சொன்னது அச்சில் வந்திருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஆசை. ஒன்பதாம் பக்கம் வரைக்கும் வாசித்தேன். பத்தாம் பக்கத்தில் பண்ணையின் பெயர் வருகிறது. கண் நோகுது அம்மா, மிச்சம் பிறகு என்று மூடிவிட்டேன். அண்ணா, அந்தப் பக்கத்தை நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள். வேறு வாயால் அதை அவர் கேட்கக் கூடாது. அதைச் சொல்லும் துணிவை ஆண்டவர் உங்களுக்குத் தரட்டும்.

என்றும் உங்கள் தங்கச்சி,
பவுலினா