சங்கீதத்தின் மறுபாதி

தென்காசி
10-6-1935

பிரியமுள்ள உபதேசியார் வேதமாணிக்கம் அவர்களுக்கு,

பாளையங்கோட்டைக்குப் போனதும் என்னை மறந்துவிட்டீர்களோ? பாடகர் குழுவைப் பழக்குகிற மும்முரத்தில் ஒரு கார்டு எழுதக்கூடவா நேரமில்லை?

நல்ல செய்தி. உங்கள் வேதாகமத்தில் நண்பனே துரோகம் செய்ததைப் பாடும் அந்தச் சங்கீதத்துக்கு மெட்டு முடிந்துவிட்டது. கொல்லிப் பண்ணில் வைத்திருக்கிறேன். எபிரேயப் பாட்டில் ஒவ்வோர் அடியும் இரண்டு பாதி, முதல் பாதி சொன்னதை மறுபாதி வேறு சொல்லால் வாங்கிச் சொல்லும் என்றீர்களே, அப்படியே. முதல் பாதி உங்கள் குரல், கீழே. மறுபாதி என் குரல், மேலே. "சொன்னதையே ஏன் ரெண்டு தடவ சொல்லுதீய?" என்று வீட்டில் வடிவாம்பாள் கேலி செய்தாள். பாடிக் காட்டினேன். அடுப்பை மறந்து உட்கார்ந்துவிட்டாள்.

கோயிலில் தர்மகர்த்தா கூப்பிட்டு, "தேவாரம் பாடுத வாயால வேதக்காரப் பாட்டும் பாடுதீராமே?" என்றார். ஆமாம் என்றேன். ஆடி முதல் எனக்குப் பதில் வேறு ஓதுவார். வருத்தம்தான். ஆனாலும் உங்கள் சபையின் குற்றாலம் சாரல் கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் நின்று பாடுவேன் என்ற நினைப்பே போதும்.

தங்கள்,
தில்லைநாயகம்


பாளையங்கோட்டை
8-7-1935

அன்பான ஓதுவார் அண்ணாச்சிக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். கோயில் விஷயம் அறிந்து மிகவும் துக்கப்பட்டேன். ஜெபிக்கிறேன். இந்த வருஷம் மழை பலம் என்று குற்றாலக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வீணாக வந்து நனைய வேண்டாம். தேதி தெரிந்ததும் எழுதுகிறேன்.

சா. வேதமாணிக்கம்


தென்காசி
23-7-1935

உபதேசியாருக்கு,

குடை விற்கும் முகம்மது மீரான் நேற்றுக் குற்றாலத்திலிருந்து வந்தார். "ஓதுவாரே, அங்கன ஒம்ம பாட்டத்தான் பாடுதாவ. ஆனா எல்லாம் பாதிதான். மிச்சத்துக்கு ஆர்மோனியப் பெட்டிய அமுக்குதாவ" என்றார். சனிக்கிழமை கூட்டம் நடந்ததாம். நீங்கள்தான் முன்னால் நின்றீர்களாம். ஓதுவார் வரவில்லையா என்று மீரான் கேட்டதற்கு, அவர் சும்மா தாளம் போட்டவர்தானே என்றீர்களாம்.

மீரான் பொய் சொல்கிறவர் இல்லை. இருந்தாலும் உங்கள் கையெழுத்தில் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

தில்லைநாயகம்


பாளையங்கோட்டை
29-7-1935

அண்ணாச்சி,

எல்லாம் உண்மை. நீறு பூசியவரை மேடையில் ஏற்றினால் உன் வேலை போய்விடும் என்றார் கூட்டத்துக் கமிட்டித் தலைவர். பயந்துவிட்டேன். அதனால் பொய் எழுதினேன். மன்னியுங்கள்.

இன்னொன்று. நாம் சேர்ந்து போட்ட பாட்டுகளில் அவரவர் பாதியைத்தான் பழகினோம். நீங்களோ எதையும் எழுதி வைப்பதில்லை. மறுபாதி இல்லாமல் பாட்டெல்லாம் முடமாகக் கிடக்கிறது. அச்சுக்குக் கேட்கிறார்கள். சுரம் எழுதி அனுப்பினால் அடுத்த வருஷம் எப்படியாவது உங்கள் பெயரைச் சேர்க்கப் பார்க்கிறேன்.

தங்கள் குற்றவாளி,
வேதமாணிக்கம்


தென்காசி
5-8-1935

உபதேசியாருக்கு,

மறுபாதி வராது.

கோயில் வேலை போனதற்குக்கூட நான் அழவில்லை. என்னைக் கேட்டபோது ஆமாம் என்றேன். உங்களைக் கேட்டபோது நீங்களும் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம்.

அந்தச் சங்கீதத்துக்குப் பொருள் சொன்ன அன்று, துரோகம் செய்த அந்த நண்பன் யார் என்று கேட்டேன். பாடியவர் பெயர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்றீர்கள். ஏன் விட்டார் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

நேற்றுத் தேரடியில் ஒருவர், "உம்மகூட பாடிக்கிட்டுத் திரிஞ்சாரே, அவரு யாருவே?" என்று கேட்டார். பெயரைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தில்லைநாயகம்